‘சாப விமோசனம்’: ஒரே கதையைப் பல அணுகுமுறைகளில் எழுதும்போது

‘ஏதேனும் ஒரு சிறுகதையைப் பல்வேறு அணுகுமுறைகளில் ஆராய்க’ என்று திறனாய்வுத் தாளில் கேட்டால், புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ (1943) கதையைத் தயங்காமல் எடுக்கலாம். பலர் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது ஒரே இடத்தில்தான். பெண்ணியம் எங்கே தோன்றியது, ஃபிராய்டு யார் என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டுக் கதைக்கு நாலே வரி ஒதுக்குவார்கள். ஓர் அணுகுமுறைக்கு இரண்டு வாக்கிய அறிமுகம் போதும். மிச்சம் முழுக்கக் கதையாக இருக்கட்டும்.

ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, அதனிடம் கேட்கும் கேள்வியை மட்டும் மாற்றிக்கொண்டே போங்கள். இதற்கு முடிவுக் காட்சி பொருத்தமானது. சீதை தான் தீக்குளித்ததைச் சொல்கிறாள். இராமனா கேட்டான் என்று அகலிகை அதிர்ந்துபோகிறாள். பிறகு கோதமன் தழுவும்போது அவன் இந்திரனாகத் தெரிய, அவள் மறுபடி கல்லாகிறாள்.

பெண்ணிய நோக்கில் முதல் கேள்வி: யார் யாரிடம் நிரூபணம் கேட்கிறார்கள்? சபித்தவன் ஆண், மீட்டவனும் ஆண். இரண்டாம் முறை யாரும் சபிக்காமலே அவள் கல்லாகிறாள். முதல் கல் தண்டனை, இரண்டாம் கல் மறுப்பு. இந்த வேறுபாட்டை எழுதாமல் ‘பெண் அடிமைத்தனத்தைக் காட்டுகிறது’ என்று முடித்தால் அது எந்தக் கதைக்கும் பொருந்தும் வாக்கியம்.

உளவியல் பத்தியை முடிவிலிருந்து தொடங்க வேண்டாம். எதிரே வருகிறவர்கள் எல்லோரும் இந்திரர்களாகத் தென்படும் இடம் கதையின் நடுவிலேயே வந்துவிடுகிறது. அந்த அச்சம் வளர்ந்து வளர்ந்து கடைசியில் கணவன் முகத்திலும் ஏறிவிடுகிறது. இந்த இரண்டு இடங்களையும் இணைத்துக் காட்டினால் ஃபிராய்டின் பெயரைச் சொல்லாமலே பத்தி நிற்கும்.

அமைப்பியலுக்கு, அதாவது கதையின் உள்கட்டமைப்பைப் பார்க்கும் அணுகுமுறைக்கு, கல், பெண், கல் என்ற வட்டத்தை வரைந்தே காட்டலாம். கல்/தசை, சாபம்/விமோசனம் என்ற இருமை எதிர்வுகள் தொடக்கத்தில் ஒழுங்காக நிற்கின்றன. முடிவில் இடம் மாறிவிடுகின்றன. கல்லாவதே விமோசனம் என்று ஆகும்போது தலைப்பே புரண்டுவிடுகிறது.

பனுவலிடைத் தொடர்பில்தான், அதாவது ஒரு படைப்பை அதற்கு முந்தைய படைப்புகளோடு இணைத்துப் பார்க்கும் இடத்தில்தான், பிழை அதிகம். ‘வால்மீகியின் கல்லான அகலிகை’ என்று எழுதாதீர்கள். வால்மீகியில் அவள் கல்லாவதில்லை; யார் கண்ணுக்கும் தெரியாமல், காற்றை உண்டு சாம்பலில் கிடக்கிறாள். கம்பனில்தான் கல். ‘நெஞ்சினால் பிழைப்பு இலாள்’ என்று கம்பன் தரும் மன்னிப்பையும் இங்கே சேருங்கள். நெஞ்சில் பிழை இல்லை என்று ஏற்கப்பட்ட பிறகும் அவள் நெஞ்சு ஏன் ஆறவில்லை என்ற கேள்வியைப் புதுமைப்பித்தன் அங்கிருந்துதான் தொடங்குகிறார்.

மார்க்சியத்தை இந்தக் கதையில் வலிந்து திணிக்க வேண்டாம். கேள்வி இடம் கொடுத்தால் ஒரு பத்தியில் புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ கதைக்குத் தாவுங்கள். கணவனுக்குப் பால் கஞ்சி வார்க்க அம்மாளு சம்பாதிக்கும் அந்த முக்கால் ரூபாயில் கற்பும் கூலியும் ஒரே கணக்கில் வந்துவிடுகின்றன.

40 நிமிடம் இருந்தால் முதல் 8 நிமிடம் எழுதவே வேண்டாம். கதையிலிருந்து ஆறேழு இடங்களைக் கடைசிப் பக்கத்தில் குறித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எந்த அணுகுமுறைக்கு என்று ஒரு சொல் போடுங்கள். இரண்டு அணுகுமுறைக்கும் பயன்படும் இடத்துக்கு அடிக்கோடு. விடையை அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள்.