இடித்த வண்டி கிடைக்கவில்லை, ஆனாலும் சித்திக்கு 2 லட்சம் வந்தது

சித்தப்பா இறந்தது 2024 ஆவணியில். தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலையில், விடிகாலை நாலரை மணி இருக்கும், நண்டு எடுக்கக் கரைக்கு எக்ஸ்எல்லில் போனவரைப் பின்னால் வந்த ஏதோ ஒரு வண்டி தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. லாரியா, மீன் வண்டியா, காரா, இன்றுவரை தெரியாது. பால்கார அண்ணன் ஒருவர் பார்த்து 108-க்குப் போன் போட்டார். ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது.

காரியம் முடிந்த பிறகு ஸ்டேஷனுக்கு நடந்தோம். பெட்ரோல் பங்க் கேமராவில் இருட்டும் விளக்கு வெளிச்சமும்தான் தெரிந்தது. "வண்டி நம்பர் இல்லாம கேஸ் நிக்காதுப்பா, எதுக்கு அலையுறீங்க" என்று அங்கே சொன்னதை நாங்களும் நம்பி மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டோம். எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அதுதான்.

ஏனென்றால், இடித்த வண்டி தெரியாத விபத்துக்கென்றே மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-வது பிரிவில் இழப்பீடு இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் இறப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய். அதற்கு முன் 25,000-மும் 12,500-மும்தான். அது மட்டுமில்லை, கோவை எலும்பு மருத்துவர் ராஜசேகரன் போட்ட வழக்கில் 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: ஒரு மாதத்துக்குள் வண்டி எது என்று தெரியவில்லை என்றால், இப்படி ஒரு திட்டம் இருக்கிறது என்று போலீஸே குடும்பத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். எங்களுக்கு யாரும் எழுதவில்லை. பரமக்குடியில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் என் நண்பன் பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரியும்.

சித்தியிடம் சொன்னபோது, "ஏம்ப்பா, இடிச்சவன் யாருன்னே தெரியல, யாரு வீட்டுக் காசு இது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ரோட்டில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம் இல்லையா, அந்த இன்சூரன்ஸ் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து பணம் போடும் நிதியிலிருந்து இது வருகிறது, யாரும் போடும் பிச்சை இல்லை என்று சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

மனு கொடுக்க வேண்டியது கோர்ட்டில் இல்லை, வருவாய்த் துறையில். படிவம் 1, எஃப்ஐஆர் நகல், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், இறந்தவர் ஆதார், மனுதாரர் ஆதார், பாஸ்புக் நகல், ஓர் உறுதிமொழி. எங்களிடம் வாரிசுச் சான்றிதழும் கேட்டார்கள், அதற்கு இ-சேவையில் பதிந்து காத்திருந்ததிலேயே ஒரு மாதம் போனது. அதைவிடப் பெரிய தொல்லை பெயர். எஃப்ஐஆரில் சித்தப்பா பெயரில் ஓர் எழுத்து குறைவு, ரேஷன் கார்டில் இனிஷியல் வேறு. விஏஓ விசாரித்து இருவரும் ஒருவரே என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் ஃபைல் நகர்ந்தது. தயவுசெய்து எஃப்ஐஆர் நகல் கையில் வாங்கிய அன்றே பெயர், வயது, இடம், நேரம் எல்லாவற்றையும் ஒரு தடவை படித்துப் பாருங்கள், அழுதுகொண்டிருக்கும் நேரத்தில் கஷ்டம்தான், ஆனால் பாருங்கள்.

விதிப்படி வருவாய்த் துறை விசாரணை அதிகாரி ஒரு மாதத்தில் அறிக்கை அனுப்ப வேண்டும், கலெக்டர் மட்டத்தில் 15 நாளில் உத்தரவு, அதன்பின் 15 நாளில் வங்கிக் கணக்கில் பணம். எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது. நடுவில் ஒரு புரோக்கர் வந்து இருபதாயிரம் கொடுத்தால் சீக்கிரம் முடித்துத் தருவதாகச் சொன்னார். கொடுக்கவில்லை. மனு கொடுத்த தேதி முத்திரையோடு இருந்த நகலைத் தூக்கிக்கொண்டு திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு இரண்டு முறை போனேன், அவ்வளவுதான் நான் செய்தது.

உறுதிமொழி எதற்கு என்று சித்தி பயந்தார். பின்னால் எப்போதாவது வண்டி கிடைத்து, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வேறு தொகை கிடைத்தால் இந்த 2 லட்சத்தை அதிலிருந்து திருப்பிக் கொடுக்க வேண்டும். வேறு ஒன்றும் இல்லை. வண்டி நம்பர் முதலிலேயே தெரிந்தவர்கள் நேராகத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும், சட்டத்தில் ஆறு மாதக் கெடு போட்டிருக்கிறார்கள், அதைத் தவற விடாதீர்கள்.

இன்னொன்று, இதைச் சொல்லும்போது மனசு வலிக்கிறது. சித்தப்பா எக்ஸ்எல்லுக்கு இன்சூரன்ஸ் முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. மூன்றாம் நபர் பாலிசி ஓட்டுகிறவருக்கு உதவாது, ஆனால் கூடவே சில நூறு ரூபாயில் எடுக்கும் உரிமையாளர் தனிநபர் விபத்துக் காப்பீடு இருந்திருந்தால், லைசென்ஸும் கையில் இருந்த மனுஷன், 15 லட்சம் வந்திருக்கும். பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகிறார்கள். நம் கரையோரம் விடியலில் ஓடும் எத்தனை எக்ஸ்எல்லுக்கு இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறது? இன்றைக்கே ஆர்சி புத்தகத்தோடு வைத்திருக்கும் அந்தத் தாளை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

பணம் வந்த அன்று சித்தி கருவாடு காய வைத்துக்கொண்டிருந்தார். மெசேஜை நான்தான் படித்துக் காட்டினேன். பாதி வட்டிக் கடனுக்குப் போனது, மீதி மகள் பெயரில் தபால் ஆபீசில் இருக்கிறது.

இப்போது எங்கள் தெருவிலேயே ஓர் அண்ணனுக்கு அதே ரோட்டில் கால் முறிந்திருக்கிறது, இடித்த வண்டி தெரியவில்லை. அவருக்கு 50,000 உண்டு. படிவம் 1 எழுதிவிட்டோம், ஆஸ்பத்திரியில் காயச் சான்றிதழ் மட்டும் வாங்க வேண்டும், நாளைக் காலையில் நானும் அவர் தம்பியும் போகிறோம்.