எம் சைஸ் மீன்

இப்போது திருப்பூரில் ஒரு பனியன் குடோனில் ஸ்டாக் கணக்கு எழுதுகிறேன். தீபாவளி சரக்கு ஏறும் நேரத்தில் முதலில் தீர்வது எம் சைஸ்தான். எஸ் அட்டி அட்டியாகக் கிடக்கும், டபுள் எக்ஸ்எல் கிடக்கும், கடைக்காரர் கேட்கும் எம் மட்டும் இருக்காது. முதலாளி அதற்குக் கத்தும்போதெல்லாம் எனக்குக் காவிரியில் இருக்கும் ஆனைக்கெண்டை என்ற பெரிய மீன் ஞாபகம் வரும். சிரித்துவிடுவேனோ என்று பயந்து தலையைக் குனிந்துகொள்வேன்.

இதற்கு முன்னால் நான் பார்த்த வேலை அப்படி. மேகேதாட்டுக்கு மேலே, கர்நாடகப் பக்கம், காவிரிக் கரையில் ஒரு தூண்டில் முகாம். சொந்த ஊர் அஞ்செட்டிப் பக்கம் என்பதால் தமிழும் கன்னடமும் வரும், பத்தாவது வரை படித்ததால் நாலு வார்த்தை இங்கிலீஷும் எழுத வரும். 1998இல் பரிசல் தள்ளத்தான் போனேன், அடுத்த வருடமே பதிவேட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். யார் பிடித்தார், எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், என்ன இரை, எத்தனை பவுண்டு. பிடிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் வெள்ளைக்காரர்கள் என்பதால் எல்லாம் பவுண்டுக் கணக்குத்தான். பிடித்த மீனைத் தொட்டில் மாதிரி ஒரு துணியில் போட்டுத் தராசில் தொங்கவிட்டு, எடை பார்த்து, போட்டோ எடுத்து, திரும்ப ஆற்றில் விட வேண்டும். விடுவது என்றால் தூக்கிப் போடுவது இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஓட்டத்துக்கு எதிராக அதன் முகத்தைக் காட்டி, இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். செவுள் மெதுவாகத் திறந்து மூடும். அஞ்சு நிமிடமும் ஆகும், அரை மணியும் ஆகும். அப்புறம் கைக்குள்ளேயே உடம்பு ஒருமுறை முறுக்கும், அப்போது விடலாம். பெரிய மீன் முறுக்கினால் ஆள் சாய்ந்துவிடுவான்.

இரை ராகி உருண்டை. களி கிண்டுகிற மாதிரிதான், இன்னும் கெட்டியாக. எலுமிச்சம்பழ அளவில் உருட்டி வெந்நீரில் போட்டு எடுத்தால் ரப்பர் மாதிரி நிற்கும். எங்கள் பரிசல்கார அண்ணன் அதில் ஏதோ மசாலா சேர்ப்பார், கடைசி வரை என்னவென்று சொல்லவில்லை. ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் சீசன். அந்த மூன்று மாதமும் உடம்பெல்லாம் ராகி வாசம்.

மீன்களைப் பற்றி முகாமில் பேச்செல்லாம் பெரியதைப் பற்றித்தான். 1946இல் கபினியில் வான் இங்கென் குடும்பத்துக்காரர் ஒருவர், மைசூரில் புலி, சிறுத்தையெல்லாம் பாடம் செய்வார்களே அந்தக் குடும்பம், 120 பவுண்டில் ஒரு ஆனைக்கெண்டை பிடித்தார். அது கிட்டத்தட்ட 54 கிலோ. வருகிற ஒவ்வொருவருக்கும் கண் அந்த நம்பர் மேலேதான். எனக்கும்தான், பொய் சொல்வானேன். 70 பவுண்டு மீன் ஏறிய நாளில் பதிவேட்டில் அந்த வரியை மட்டும் சிவப்புப் பேனாவில் எழுதுவேன். மூன்று பவுண்டு, நாலு பவுண்டு எல்லாம் சும்மா நீலத்தில்.

ஒவ்வொரு ஜனவரியும் வருகிற ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் இருந்தார். ரிட்டையர்டு ஆனவர், மீன் விழாவிட்டாலும் கவலைப்படாத ஆள். ஒரு மத்தியானம் வெயில் தாங்காமல் கரைக்கு வந்தவர் பழைய பதிவேடுகளைக் கேட்டார். கொடுத்தேன். ஒரு வெள்ளைத்தாளில் கீழே ஒரு கோடு இழுத்து, இடமிருந்து வலமாக எடையை எழுதி, ஒவ்வொரு மீனுக்கும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனார். கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி, டீ ஆறியதுகூடத் தெரியாமல். முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இடது ஓரத்தில் புள்ளி குவியலாக இருந்தது. வலது ஓரத்தில், 50, 60, 70க்குப் பக்கத்தில், அங்கொன்று இங்கொன்று. நடுவில் வெள்ளைத்தாள். “இருபது பவுண்டு மீனெல்லாம் எங்கே போச்சு?” என்றார்.

எழுதியது முழுக்க என் கையெழுத்து. இத்தனை வருடத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

அண்ணனிடம் கேட்டேன். “நடு மீன் சந்தைக்குப் போச்சுடா தம்பி” என்றார் சாவகாசமாக. பொடியெல்லாம் வலைக் கண்ணில் நழுவிவிடும், பெரியது வலையையே கிழித்துக்கொண்டு போய்விடும், அஞ்சாறு கிலோ மீன்தான் வலைக்கும் தோது, சந்தைக்கும் தோது. அது போக தோட்டா, தண்ணீருக்குள் வெடித்து மீனைக் கொல்கிற வெடி. முகாம் வருவதற்கு முன்னால் அண்ணனே மடுவில் தோட்டா போட்டவர்தான், அதை அவர் மறைத்ததும் இல்லை. மிதப்பதை அள்ளுவோம், அடியில் போனதை யார் எண்ணினார்கள் என்பார். எங்கள் பக்கம் காவல் இருந்ததால் வெடி குறைந்திருந்தது. ஆனாலும் சில ராத்திரி கீழேயிருந்து ‘தம்’ என்று ஒரு சத்தம் வரும், யாரும் எழுந்து பேச மாட்டோம்.

நானும் அதையே நம்பிவிட்டேன். குடோன் கணக்கு மாதிரி, நடு சைஸ் இல்லையென்றால் யாரோ வாங்கிப் போய்விட்டார்கள், அவ்வளவுதான்.

அடுத்த வருடம் அந்தப் பெரியவர் வந்ததும் வேறு ஒன்றைக் காட்டினார். காலையில் பிடித்த நாலு பவுண்டு மீனின் துடுப்பை விரித்துப் பிடித்தார். நீலச் சாயை. மூன்றாம் நாள் இருட்டுகிற நேரத்தில் ஐம்பது பவுண்டுக்கு மேல் ஒன்று விழுந்தது. அதன் முதுகு தலைக்குப் பின்னாலேயே திமில் மாதிரி எழும்பியிருந்தது, துடுப்பும் வாலும் காவி கலந்த சிவப்பு. இரண்டுக்கும் நான் பதிவேட்டில் எழுதியது ஒரே வார்த்தை, மகசீர், ஆனைக்கெண்டை வகை எல்லாவற்றுக்கும் இங்கிலீஷில் சொல்கிற பொதுப் பெயர். எடைக்குக் கட்டம் இருந்தது, இரைக்குக்கூட இருந்தது, எந்த மீன் என்பதற்குக் கட்டம் இல்லை. அந்தக் கட்டத்தை நான் போட்டிருக்கலாம், ஸ்கேலும் பேனாவும் என் கையில்தான் இருந்தன.

பொடியாக வந்துகொண்டிருந்தவற்றில் பெரும்பாலானவை இந்த ஆற்று மீனே இல்லை. மகாராஷ்டிரத்தில், லோனாவ்லாவில் ஒரு பண்ணையில் பொரித்து வளர்த்த நீலத்துடுப்பு வகையைக் காவிரியிலும் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, மகசீர் குறைகிறதே என்ற அக்கறையில்தான். அது பெருகியது. பழைய திமில் மீனோ கிழடு தட்டிக்கொண்டே போனது. அதன் குட்டிகள் நடு எடையைத் தொடும் அளவுக்குத் தேறி வரவே இல்லை. எங்கள் ஊரிலும் அப்படித்தான், கிழவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருப்பார்கள், நடுவயது ஓசூரிலும் பெங்களூரிலும் இருக்கும். ஆனால் அந்தப் பிள்ளைகள் அந்தக் கிழவர்களின் பேரப்பிள்ளைகள்தான். ஆற்றில் அதுவும் இல்லை.

முகாமிலோ எல்லோருக்கும் சந்தோஷம். மணிக்கு இத்தனை மீன் என்ற கணக்கு வருடா வருடம் ஏறிக்கொண்டிருந்தது. பெரியது விழுந்தால் முன்பைவிடப் பெரியதாக விழுந்தது. ஆறு நன்றாக இருக்கிறது என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். சம்பளமும் அதில்தானே.

பக்கத்து காலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை தூண்டில்காரர்கள் எழுதி வைத்த கணக்கைப் பின்னால் ஆராய்ச்சிக்காரர்கள் எடுத்துப் பார்த்தார்கள், 23,000 மணி நேரத்துக்கு மேல், 6,000 மீனுக்கு மேல். அதிலும் இதே கதைதான். திமில் மீன் எண்ணிக்கையில் குறைந்துகொண்டே போகிறது, பிடிபடுவது மட்டும் பெரிதாகிக்கொண்டே போகிறது. இன்னொன்றும் இருக்கிறது. அந்த மீனுக்கு உறுதியான அறிவியல் பெயரே 2018 வரை இல்லை. கேரளத்தில் பாம்பாற்றில், அதாவது நம் அமராவதிக்கு வந்து சேரும் ஆற்றில் கிடைத்த ‘டோர் ரேமாதேவி’ என்ற மீனும் இதுவும் ஒன்றுதான் என்று அந்த வருடம்தான் முடிவானது. உலக அளவிலான அழியும் உயிரினப் பட்டியலில், மிக மோசமான நிலை என்ற இடத்தில் அதன் பிறகுதான் ஏறியது. என் பதிவேட்டில் கட்டம் இல்லாததற்கு இது ஒரு சாக்கு, பெரிய சாக்கு இல்லை.

ஏன் குட்டி தேறவில்லை? வந்த மீன் இடத்தைப் பிடித்துக்கொண்டதா, தோட்டாவா, மணல் அள்ளியதா? அண்ணனுக்குச் சந்தேகம் தண்ணீர் மேலே. சிவனசமுத்திரத்தில் 1902இலிருந்து கரண்ட் எடுக்கிறார்கள். காலையில் முழங்காலுக்கு நின்ற இடத்தில் சாயங்காலம் இடுப்புக்கு நிற்கும், மறுநாள் அதே இடத்தில் கல் காயும். “கல்லுக்குள்ள முட்டை வெச்சா அது என்னடா பண்ணும்?” என்பார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது, ஆனால் நான் கணக்கு எழுதினவன்தான்.

2012இல் தூண்டில் நின்றது. சரணாலயத்துக்குள் மீன் பிடிப்பதும் வனவிலங்குச் சட்டப்படி வேட்டைதான் என்றார்கள், விட்டுவிட்டாலும்கூட. முகாம் ஆட்கள் ஆளுக்கு ஒரு திசை. ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்த கண்களும் போய்விட்டனவே என்று சிலர் சொன்னார்கள். அதில் நியாயம் உண்டு. நான் திருப்பூர் வந்துவிட்டேன்.

அண்ணன் ஊரிலேயே இருக்கிறார். போன மார்ச் மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார், யாரோ பையன் கையில் ஒரு மீன். பார்த்ததும் எடை மனதில் ஓடிவிட்டது, பதினெட்டு இருபது பவுண்டு இருக்கும். கீழே குரல் பதிவு, “தம்பி, நம்ம மீனா பாரு.” சரக்கு இறக்குவதை விட்டுவிட்டு, பெட்டி மேல் உட்கார்ந்து, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதுகு லேசாகத் தூக்கியிருந்த மாதிரி இருந்தது. வாலைப் பையன் முழுக்கக் கையால் பொத்திப் பிடித்திருந்தான்.