எட்டுக் கிலோ குட்டிக்கு எத்தனை மில்லிலீற்றர்?

கிடாய்க் குட்டிகளைக் காயடித்தால் எடை கூடும் விதம் மாறுகிறதா என்று பார்ப்பதற்காக, செங்கலடிப் பக்கத்துப் பட்டியொன்றில் ஆய்வு செய்ய அனுமதி கேட்டிருந்தேன். ஆய்வு நெறிமுறைக் குழு என் விண்ணப்பத்தை இரண்டு தடவை திருப்பி அனுப்பியது. முதல் தடவை கோபம் வந்தது. காரணத்தை வாசித்த பிறகு வெட்கம்தான் வந்தது.

விறைப்பு ஊசியைப் பற்றி நான் எழுதியிருந்தது '2 சதவீத லிக்னோகேயின், பக்கத்துக்கு 5 மில்லிலீற்றர்' என்ற ஒரே வரி. அது மாட்டுக்கான குறிப்பைப் பார்த்து எழுதியது. அந்தக் கரைசலின் ஒரு மில்லிலீற்றரில் 20 மில்லிகிராம் மருந்து இருப்பதால், இரு பக்கத்துக்கும் சேர்த்து 200 மில்லிகிராம், அதாவது 8 கிலோ குட்டிக்குக் கிலோவுக்கு 25 மில்லிகிராம் போய்ச் சேரும். ஆட்டுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமலிருப்பதே நல்லது. மிஞ்சினால் தசை துடித்து, வலிப்பு வந்து, இதயமே நின்றுபோகலாம். ஆக, அந்தக் குட்டிக்கு உரியது 2 மில்லிலீற்றர் மட்டுமே. இரு விதைகளுக்கும் தோலுக்கும் இவ்வளவு சிறிய அளவைப் பரப்புவது கடினம் என்பதால், சேலைன் கலந்து 1 சதவீதமாக்கி 4 மில்லிலீற்றராகப் பெருக்கும் வழியை எங்கள் மிருக வைத்தியர் காட்டித்தந்தார்.

இரண்டாவது தடவை கேட்டது ஒரே கேள்வி: ஓரிரு மணித்தியாலத்தில் விறைப்பு விட்டதும் வலிக்கு என்ன செய்வீர்கள்? மெலொக்சிகாம் என்ற வலி நிவாரணி ஊசியைச் சேர்த்த பிறகே அனுமதி கிடைத்தது.

"ஊசி எதுக்கு மனே, கொஞ்ச நேரம் கத்தும், பிறகு மேயப் போயிரும்" என்றார் பட்டிக்காரர். வைத்தியர் சிரிஞ்சைச் சற்றுப் பின்னிழுத்து, இரத்தம் வரவில்லை என்று கண்ட பிறகே மருந்தைச் செலுத்தினார். ஒரு நிமிடத்தில் நான் அவசரப்பட்டுத் தோலைக் கிள்ளிப் பார்த்தபோது குட்டி உதைத்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கிள்ளியபோது, வாயிலிருந்த குழையை மென்றுகொண்டே நின்றது.

விண்ணப்பத்தில் எல்லாக் குட்டிகளையும் 8 கிலோ என்றே எழுதியிருந்தேன். சாக்கில் போட்டுத் தொங்கு தராசில் மாட்டியபோது கடைசிக் குட்டி 5.2 கிலோதான் இருந்தது. அதற்கு 26 மில்லிகிராம், கலந்த கரைசலில் 2.6 மில்லிலீற்றர் என்று கணக்குப் பார்த்து எழுதுகையில், சாக்கு ஆடாமல் பிடித்திருந்த பட்டிக்காரர், "பொன் நிறுக்கிற மாதிரியெல்லோ நிறுக்கிறாய்" என்றார்.