பழைய நகருக்குள் ஒரே நேரத்தில் எத்தனை பேர்?

பாரம்பரிய நகரங்களின் சுற்றுலா அறிக்கைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: சென்ற ஆண்டு இத்தனை லட்சம் பேர் வந்தார்கள், இந்த ஆண்டு இத்தனை சதவீதம் கூடுதல். வருவாய்க் கணக்குக்கு அது உதவும். நெரிசலைச் சமாளிக்க அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. பத்து லட்சம் பேர் ஆண்டு முழுக்கப் பரவலாக வந்தால் நாளுக்கு மூவாயிரம்கூட ஆகாது. ஊர்க்காரர்களுக்கு வித்தியாசமே தெரியாது. அதே பத்து லட்சம் பேர் நூறு கோடை நாட்களில், காலை பதினொன்றுக்கும் மதியம் மூன்றுக்கும் இடையில் வந்தால் கோட்டை வாசலில் ஆள் நகர முடியாது. கேட்க வேண்டிய கேள்வி, இந்த நிமிடம் உள்ளே எத்தனை பேர், அவர்கள் எந்தத் தெருவில் நிற்கிறார்கள் என்பதுதான்.

நகரின் மொத்தப் பரப்பை ஆளுக்கு இத்தனை சதுர மீட்டர் என்று வகுத்து ஓர் எண்ணைச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். சதுக்கத்தில் இடம் தாராளமாக இருக்கும். அதை அடையும் சந்தில் இருக்காது. அதனால் மிகக் குறுகிய இடத்திலிருந்து தொடங்க வேண்டும்: ஒரு வாசல், ஒரு பாலம், ஒரு படிக்கட்டு. நடைபாதைகளுக்குப் பொறியாளர் ஜான் ஃப்ருயின் 1971-ல் வகுத்த தர அளவுகள் இன்றும் கைகொடுக்கின்றன. ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 23 முதல் 33 பேர் வரை கடந்தால் நடை சுகமாக இருக்கும். 49-ஐத் தாண்டினால் எதிரே வருபவர்மேல் இடிக்காமல் நடப்பது கடினம். 82-ஐ நெருங்கினால் ஓட்டமே குலைந்துவிடும். மூன்று மீட்டர் சந்து என்றால், கடைவாசலில் நிற்பவர்களுக்கும் சுவரை ஒட்டி யாரும் நடக்காத இடத்துக்கும் பக்கத்துக்கு அரை மீட்டரைக் கழித்துவிடுங்கள். மிஞ்சும் இரண்டு மீட்டரில் நிமிடத்துக்கு 66 பேர், மணிக்குச் சுமார் 4,000 பேர், அதுவும் இரு திசைகளையும் சேர்த்து. படிக்கட்டு என்றால் இன்னும் குறைவு. சந்தின் நடுவில் ஒரு கைடு இருபது பேரை நிறுத்திவைத்துக் கதை சொன்னால் அகலம் பாதியாகிவிடும். குழுவின் அளவுக்கு வரம்பு வைப்பது இதனால்தான்: வெனிஸில் 2024 ஆகஸ்ட் முதல் 25 பேர், ஒலிபெருக்கிக்கும் தடை, ஆம்ஸ்டர்டாமில் 2020 முதல் 15 பேர். என்னைக் கேட்டால், தலையெண்ணிக்கையைவிட 'பாலத்திலும் குறுகிய சந்திலும் நின்று விளக்கக் கூடாது' என்ற விதிதான் அதிகம் வேலை செய்யும்.

அடுத்தது தங்கும் நேரம். உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை என்பது மணிக்கு வருபவர்களைச் சராசரியாகத் தங்கும் மணிகளால் பெருக்கினால் கிடைப்பது. மணிக்கு 2,500 பேர் வந்து இரண்டு மணி நேரம் தங்கினால் 5,000. மூன்று மணி நேரம் தங்கினால் 7,500. 'பயணிகளை அதிக நேரம் தங்கவையுங்கள்' என்ற பொதுவான அறிவுரையைப் பகலில் வந்து போகிறவர்களுக்கும் சேர்த்துக் கொடுத்தால் உச்ச நேர நெரிசல் கூடத்தான் செய்யும். இரவு தங்குபவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும்; அவர்களால் காலை எட்டு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் நடக்க முடியும்.

முதலில் எது திணறும் என்பது ஊருக்கு ஊர் மாறும். வெனிஸுக்காக ஆய்வாளர்கள் கனெஸ்ட்ரெல்லியும் கோஸ்டாவும் 1991-ல் போட்ட கணக்கில் ஓட்டல் படுக்கை, மதிய உணவு இருக்கை, வாகன நிறுத்தம், படகுப் போக்குவரத்து, குப்பை அள்ளும் திறன், புனித மாற்கு பேராலயத்தில் நுழையும் வசதி என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரம்பு இருந்தது. நாளொன்றுக்குச் சுமார் 22,000 பேர், அதில் பாதியளவே பகல்நேரப் பயணிகள் என்பது விடை. அந்த எண் பழையதாகிவிட்டது. அணுகுமுறை பழையதாகவில்லை.

எண்ணுவதற்கு வருவோம். மதில் சூழ்ந்த நகரங்களுக்கு இதில் ஒரு வசதி: வாசல்கள் சில மட்டுமே. குரோஷியாவின் துப்ரோவ்னிக்கில் வாசல்களில் கேமராக்கள் உள்ளே போவோரையும் வெளியேறுவோரையும் எண்ணுகின்றன. மதிலுக்குள் ஒரே நேரத்தில் 8,000 பேருக்கு மேல் வேண்டாம் என்பது யுனெஸ்கோ தரப்பின் பரிந்துரை. கேட்க எளிது. ஆனால் வரவிலிருந்து செலவைக் கழிக்கும் எந்தக் கணக்கிலும் சிறு பிழை நாள் முழுக்கச் சேர்ந்துகொண்டே போகும். காலையில் கூட்டம் நெருக்கியடித்து வரும்போது கருவி நூற்றுக்கு மூன்று பேரைத் தவறவிடும் என்று வையுங்கள். வெளியேறுவது நிதானமாக நடப்பதால் அது சரியாகப் பதிவாகும். 20,000 பேர் வந்துபோன நாளின் இரவில் திரை 'உள்ளே −600 பேர்' என்று காட்டும். அதைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் அதே பிழைதான் நண்பகலில் உண்மையான கூட்டத்தைக் குறைத்துக் காட்டியிருக்கும், அப்போது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

இதைத் தவிர்க்க, அதிகாலை நான்கு மணிக்குக் கணக்கை உள்ளூர்வாசிகளின் அடிப்படை எண்ணுக்குத் திருப்ப வேண்டும், பூஜ்யத்துக்கு அல்ல. ஒவ்வொரு வாசலிலும் கூட்டம் குறைவான நேரம், நடுத்தர நேரம், உச்ச நேரம் என மூன்று முறை, பதினைந்து பதினைந்து நிமிடம், ஆள் நின்று கையால் எண்ணிக் கருவியோடு ஒப்பிட வேண்டும். கருவியின் எண்ணைச் சரிசெய்யப் பெருக்க வேண்டிய திருத்தக் காரணி வாசலுக்கு வாசல், நெரிசலுக்கு நெரிசல் மாறும். நகர் முழுவதற்கும் ஒரே காரணியைப் போட்டால் பிழை அப்படியே இருக்கும். மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு மழை நாள் பெரிய எதிரி: ஒரு குடைக்குக் கீழே இருவர் இருந்தாலும் ஒருவர்தான் கணக்கு. சாயங்கால வெயிலில் நீண்டு விழும் நிழல், தோளில் உட்கார்ந்த குழந்தை, வாசலிலேயே நின்று படம் எடுப்பவர், நாளுக்குப் பத்து முறை உள்ளே வெளியே போகும் கடைப் பையன் எல்லாம் சோதிக்க வேண்டியவை. மதில் இல்லாத ஊர்களில் கைபேசித் தரவை நம்ப வேண்டியிருக்கும். எந்த நாட்டு எண், இரவு தங்கினாரா என்பதையெல்லாம் அது நன்றாகவே சொல்லும். ஆனால் எந்தச் சந்தில் நிற்கிறார் என்று சொல்லாது. ஒரு நிறுவனத்தின் சந்தாதாரர்களை வைத்து மொத்தத்தை ஊகிப்பதிலும் பிழை உண்டு.

எண் கையில் வந்ததும் பெரும்பாலான ஊர்கள் ஒரு பெரிய திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டுகின்றன. சிவப்பு எரியும்போது அடுத்த ஆயிரம் பேர் ரயிலிலும் பேருந்திலும் பாதி வழியில் இருப்பார்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப யாராலும் முடியாது. அதனால் நடவடிக்கைகள் முந்தைய நாள் கணிப்பைப் பார்த்தே தொடங்க வேண்டும். எந்த அளவில் யார் என்ன செய்வார் என்பது முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும். வரம்பில் அறுபது சதவீதத்தை எட்டியதும் சந்துகளை ஒருவழியாக்க ஆட்கள் நிற்பது, எண்பதில் புதிய குழுக்களுக்கு அனுமதியை நிறுத்துவது என்ற மாதிரி. அன்றைக்குக் கூட்டம் போட்டு முடிவெடுக்கலாம் என்று விட்டால், முடிவு வருவதற்குள் மாலையாகிவிடும்.

மொத்தமாக வருபவர்களைக் கட்டுப்படுத்துவதுதான் எளிது, பலனும் அதில்தான் அதிகம். சொகுசுக் கப்பல்களின் அட்டவணை மாதக்கணக்கில் முன்பே தெரியும். துப்ரோவ்னிக் 2019-ல் கப்பல் நிறுவனங்களின் கூட்டமைப்போடு பேசி, ஒரே நேரத்தில் இரண்டு கப்பல்கள், மொத்தம் 4,000 பயணிகள் என்று வரையறுத்தது. இங்கே கவனிக்க வேண்டியது நேர இடைவெளி: இரண்டு கப்பலும் எட்டரைக்கே ஆட்களை இறக்கினால் வரம்பு இருந்தும் வாசல் அடைபடும்.

சுற்றுலாப் பேருந்துகளுக்கும் இதே வழிதான். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் 2018 முதல் பேருந்துகள் முன்பதிவு செய்துதான் இறக்குமிடத்துக்கு வர முடியும். கணக்கு எளிது: நான்கு நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலும் மணிக்கு இரண்டு பேருந்துகள், பேருந்துக்கு ஐம்பது பேர், மணிக்கு 400 பேர். சிக்கல் விவரங்களில். பத்து நிமிடத் துல்லியம் கேட்டால் நெடுஞ்சாலைத் தாமதத்தில் எல்லாம் குலையும்; அரை மணி நேர அவகாசம் போதும். ஏஜென்ட்டுகள் உச்ச நேர ஸ்லாட்டுகளை (முன்பதிவு நேரங்களை) மொத்தமாகப் பிடித்துவைப்பார்கள். 48 மணி நேரத்துக்கு முன் வண்டியின் பதிவு எண் தராவிட்டால் ஸ்லாட் தானாக ரத்தாக வேண்டும், கட்டணம் திரும்பக் கூடாது. இறக்குமிடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு வேறெங்கும் ஆட்களை இறக்கத் தடையும் அபராதமும் வேண்டும். அது இல்லையென்றால் பக்கத்துத் தெருவில் கதவைத் திறந்து ஐம்பது பேரையும் இறக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

நுழைவுக் கட்டணத்தைப் பற்றி ஊடகங்கள் பேசும் அளவுக்கு அதில் சரக்கு இல்லை. வெனிஸ் 2024-ல் 29 நாட்களுக்கு, காலை எட்டரை முதல் மாலை நான்கு வரை, பகல்நேரப் பயணிகளிடம் ஐந்து யூரோ வாங்கியது. 2025-ல் 54 நாட்களாக்கி, கடைசி நேரத்தில் பதிவு செய்பவர்களுக்குப் பத்து யூரோ என்றது. எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இல்லாத கட்டணம் கூட்டத்தைக் குறைக்காது. பயணத்துக்கு அதைவிடப் பல மடங்கு செலவழித்து வருபவர் ஐந்து யூரோவுக்காகத் திரும்பிப் போக மாட்டார். உண்மையான லாபம் வேறு: யார், எந்த நாளில் வருகிறார்கள் என்ற பதிவு முன்கூட்டியே கிடைக்கிறது. குறைக்க வேண்டுமென்றால் எண்ணுக்குத்தான் வரம்பு வேண்டும். ஸ்பெயினில் அல்ஹம்ப்ரா கோட்டையின் நஸ்ரித் அரண்மனைகளில் அரை மணிக்கு 300 பேர், டிக்கெட்டில் பெயரும் உண்டு. ஒரு அரண்மனைக்கு இது எளிது. மக்கள் குடியிருக்கும் நகருக்குப் போட்டால் விருந்தினர், பணியாளர், நோயாளி, மாணவர் என விலக்குகளைச் சரிபார்ப்பதே பெரிய வேலையாகிவிடும்.

'கூட்டத்தை மற்ற பகுதிகளுக்குப் பரப்புவோம்' என்பது மேடையில் நன்றாக ஒலிக்கும். முதன்முறை வருபவர் பெயர்பெற்ற சதுக்கத்தைப் பார்க்காமல் போக மாட்டார். புதிய தெருவையும் சேர்த்துத்தான் பார்ப்பார்.

கடைசியாகப் படுக்கைகள். ஆம்ஸ்டர்டாம் 2021-ல் ஆண்டுக்கு 1 கோடி முதல் 2 கோடி இரவுத் தங்கல்கள் என்று எல்லை வகுத்து, கணிப்பு 1.8 கோடியைத் தொட்டாலே நகர நிர்வாகம் செயல்பட வேண்டும் என்று எழுதியது. ஆனாலும் 2 கோடியைத் தாண்டிவிட்டது. ஏற்கெனவே அனுமதி பெற்ற ஓட்டல்களைத் திரும்ப மூட முடியாது. அதனால் அனுமதியை நிறுத்துவதன் பலன் தெரியவே ஆண்டுகள் பிடிக்கும். பார்சலோனா சுற்றுலா வாடகைக்கு விடும் 10,101 வீடுகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குப் பின் புதுப்பிப்பதில்லை என்று அறிவித்ததும் இப்படி நீண்ட கால அவகாசத்தோடுதான். இதில் இறங்கும் ஊர் முதலில் செய்ய வேண்டியது, ஒவ்வொரு வாடகை வீட்டுக்கும் முகவரியோடு இணைந்த பதிவு எண் கொடுப்பது. அந்த எண் இல்லாத விளம்பரத்தை இணையதளமே நீக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதாவிட்டால், ஆய்வாளர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.