உழைப்பாளர் கட்சியைத் தேடிப்போன இடத்தில் வாசிப்பு அனுமதி பெற்ற அனுபவம்

தென்னார்க்காடு, சேலம் மாவட்டங்களின் வன்னிய உழவர்களைத் திரட்டி எஸ். எஸ். ராமசாமி படையாட்சி 1951 இல் தொடங்கிய தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி, சில ஆண்டுகளிலேயே இல்லாமற்போனது. அதன் எழுச்சியையும் மறைவையும் அக்காலத்து இலங்கைத் தமிழ் நாளிதழ்கள் எப்படி எழுதின என்று பார்ப்பதற்காக, கொழும்பில் பழைய இதழ்களைப் பேணும் ஓர் அலுவலகத்தில் வாசிப்பு அனுமதி கேட்டேன்.

முகப்பிலிருந்த உத்தியோகத்தர் கிராம சேவகரின் சான்றிதழ் வேண்டும் என்றார். கொண்டுபோனபோது, பிரதேச செயலாளரின் மேலொப்பம் இல்லையென்று திருப்பித் தந்தார். மேலொப்பமும் பெற்றுச் சென்ற அன்று அவர் விடுமுறையில் இருந்தார். அவருடைய இடத்தில் இருந்தவரோ, இவை எதுவும் தேவையில்லை, என்னை அறிந்த விரிவுரையாளர் ஒருவரின் கடிதமும் அடையாள அட்டைப் பிரதியுமே போதும் என்றார். வேலைக்கு விடுப்பெடுத்து வத்தளையிலிருந்து வருகிறவரை இப்படி அலைக்கழிப்பது அநியாயம். தேவையான ஆவணங்களின் பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்ட பின்னரே வீடு திரும்புங்கள்.

அனுமதி அட்டை கிடைத்த பிறகும், “1951 முதல் 1954 வரை” என்று நான் எழுதிய கோரிக்கைச் சீட்டை ஏற்க மறுத்தார்கள்; மாதத்தைக் குறிப்பிட வேண்டுமாம். நல்லவேளையாக இக்கட்சியின் வரலாறே மாதங்களைக் காட்டித் தருகிறது. 1952 தேர்தலில் சென்னைச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரஸ் 152 இடங்களையே வென்றது. உழைப்பாளர் கட்சிக்கு 19 இடங்களும், வடார்க்காடு, செங்கல்பட்டுப் பகுதிகளில் வேரூன்றிய மாணிக்கவேல் நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு 6 இடங்களும் கிடைத்தன. பெரும்பான்மை இல்லாமல் 1952 ஏப்ரலில் ஆட்சி அமைத்த ராஜாஜி மாணிக்கவேலரை அமைச்சராக்கினார். 1954 ஏப்ரலில் முதல்வரான காமராசர் படையாட்சியையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். உழவர்களின் வாக்கால் எழுந்த இரு கட்சிகளும் அமைச்சர் பதவிகளோடு கரைந்துபோனதை நினைக்கும்போது இன்றும் மனம் ஆறவில்லை. ஆகவே இவ்விரு ஏப்ரல் மாதங்களையும் கேட்டேன்.

1952 இதழ்களின் தொகுதி புத்தகக் கட்டுவேலைக்குப் போயிருந்தது. எப்போது திரும்பும் என்று எவருக்கும் தெரியவில்லை. இந்தியச் செய்தி இங்கே எதற்கு என்று கேட்டவர்களுக்கு நடுவே, மூத்த பெண் உத்தியோகத்தர் ஒருவர் மட்டும் பதிவேட்டைப் புரட்டி, அதே மாதத்தின் நுண்படச்சுருள் (மைக்ரோஃபிலிம்) இருப்பதைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அன்று மாலைக்குள் இரு அமைச்சரவைச் செய்திகளையும் படித்து முடித்தேன். நகலெடுக்கத் தனி விண்ணப்பம் உண்டு. அதைக் காலையிலேயே கொடுத்துவிடுங்கள், பிற்பகலில் காசாளர் இருப்பதில்லை.