வாசல் வேலை

மே 29, வியாழன்

மேல் தாழ்ப்பாள் போடாமல் படுத்தேன். அம்மா இருந்தால் விடமாட்டாள். கச்சான் காற்று விடிய விடியக் கதவை ஆட்டிக்கொண்டே கிடந்தது.

மே 30

அண்ணன் மதுரையிலிருந்து பேசினான். ஆஸ்பத்திரியில் அம்மா இடது கையால் கரண்டி பிடிக்கிறாளாம். வலது பக்கம் இன்னும் விளங்காமல் அப்படியேதான். பிசியோ அம்மா சொன்னாராம், வீட்டுக்குக் கூட்டிப் போகும் முன் வாசலைச் சரி பண்ணுங்கள் என்று.

போய் நின்று பார்த்தேன். தெருவிலிருந்து இரண்டு படி. அப்புறம் மூன்று அங்குல நிலைப்படி. கீல் இறங்கித் தரையை உரசும் கதவு, தோளால் ஒரு முட்டு முட்டினால்தான் திறக்கும். தாழ்ப்பாளோ என் தலைக்கு மேலே. கையில் ஆறாயிரம் இருக்கிறது.

ஜூன் 1, ஞாயிறு

ஆசாரி வரவில்லை. மீன்பிடித் தடைக்காலம் 14-ஆம் தேதி நள்ளிரவோடு முடிகிறது, கரையேற்றிய படகெல்லாம் அதற்குள் தண்ணீரில் இறங்க வேண்டும். இந்த ஊரில் படகு போக மிச்சம்தான் வீடு.

நிலைப்படியை அறுத்துவிடலாமா என்று சித்தப்பாவிடம் கேட்டேன். "மஞ்சள் பூசுற நிலையில ரம்பம் வைக்கச் சொல்றியா?" அவ்வளவுதான், போனை வைத்துவிட்டார்.

ஜூன் 3

ராமநாதபுரம் போனேன். அரண்மனைப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடை. பையன் துருப்பிடிக்காத எஃகுக் கீல் என்று ஒன்றை எடுத்துக் காந்தத்தை வைத்துக் காட்டினான், ஒட்டவில்லை, "ஒரிஜினல் எஸ்.எஸ். அக்கா" என்றான். மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாதே தம்பி என்றேன். சிரித்தான். நம் கடற்கரைக்கு 316 வேண்டும், அதில் 2, 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் இருப்பதால் உப்பைத் தாங்கும். வீட்டுக் கதவுக்கு அதை யாரும் வாங்கி வைப்பதில்லையாம். 304 இருக்கிறது. அதில் டீக்கறை மாதிரிப் பழுப்பு படரும், நல்ல தண்ணீரில் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கைப்பிடி என்றால் தினமும் கை படும், துடைத்துவிடலாம். கீலை யார் துடைப்பது? கீல் மட்டும் பித்தளை, மூன்று. விலையைக் கேட்டதும் வயிறு கலங்கியது. கைப்பிடி 304, கீழே அழுத்தினால் திறக்கிற நீள வகை. உருண்டைக் குமிழ் வேண்டவே வேண்டாம், அதைப் பிடித்துத் திருக விரல் வேண்டும். நீளக் கைப்பிடிக்கு முழங்கையே போதும்.

பூட்டை இன்னும் முடிவு செய்யவில்லை.

ஜூன் 4

இன்று முழுக்க இடது கை மட்டும். கதவு திறக்க முடிந்தது. இடுப்பில் குடத்தோடு முடியவில்லை.

ஜூன் 6

பூட்டு. தூக்கம் போய்விட்டது.

நான் வேலைக்குப் போன பிறகு அவள் தனியாக இருப்பாள். பழக்கத்தில் உள்தாழ் போடுவாள், அதை மாற்றவே முடியாது, அப்பா கடலில் இருந்த காலத்துப் பயம் அது. உள்ளே விழுந்துவிட்டால்? வெளியே நின்று நான் என்ன செய்வேன், கதவை உடைப்பேனா? அதனால் மேல் தாழ்ப்பாளைக் கழற்றிவிட வேண்டும். இரண்டு பக்கமும் சாவி போடும் பூட்டும் சரிப்படாது. உள்ளே ஒரு சாவி செருகியே இருந்தால் சில பூட்டுகளில் வெளிச்சாவி நுழையாது. உள்ளே கையால் திருகும் காது, வெளியே சாவி. அதுதான். ஒரு சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம்.

ஆனால் மேல் தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் அம்மா தூங்குவாளா?

ஜூன் 8, ஞாயிறு

கதவைக் கழுவினேன். மேலே படிந்த உப்பை எடுக்காமல் பெயிண்ட் அடித்தால் ஆறு மாதத்தில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். குடம் காசு கொடுத்து வாங்குகிற தண்ணீரில் கதவைக் குளிப்பாட்டுகிறாளே என்று அக்கா வாய் பிளந்தாள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதனால் உப்புத்தாளை நனைத்தே தேய்த்தேன், துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு. பச்சை போய் நீலம், நீலம் போய் வேப்ப மரம்.

ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதுப் பாம்பன் பாலத்துக்கு துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சாம், கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத கம்பியாம். என் கதவுக்கு ப்ரைமரும் எனாமலும். காற்று எழும்புவதற்கு முன் விடியலிலேயே அடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மணல் ஒட்டும்.

ஜூன் 9

டிஸ்சார்ஜ் எப்போது என்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

ஜூன் 10

சாய்தளம் முடியாது. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் வேண்டும். இரண்டு படியும் சேர்ந்து பன்னிரண்டு அங்குலம், பன்னிரண்டு அடி எங்கே போவேன், ஐந்தடியில் தெரு வந்துவிடுகிறது.

சரி, கைப்பிடிக் கம்பி. பட்டறையில் ஒன்றரை அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் இடது பக்கம் ஒன்று சொல்லிவிட்டு வந்தேன். பாதி வழியில் பொறி தட்டியது: ஏறும்போது இடது பக்கம் இருப்பது இறங்கும்போது வலது பக்கம் அல்லவா? ஏறிப் போனவள் இறங்கவே முடியாது. இரண்டு பக்கமும் வேண்டும். இரண்டுக்குப் பணமில்லை.

ஜூன் 12

ஆசாரி வந்தார், ராத்திரி எட்டு மணிக்கு, சட்டையெல்லாம் ரெசின் வாடை. பித்தளைக் கீலைக் கையில் எடைபோட்டுப் பார்த்து "ஸ்க்ரூவும் பித்தளையா தாயி?" என்றார். இரும்பு ஸ்க்ரூ போட்டால் உப்புக்காற்றில் அதுதான் முதலில் சாகுமாம், கீல் நன்றாகவே இருக்கும், கதவு விழுந்துவிடும். தொளதொளத்த பழைய துளைகளில் பெவிகால் தடவிக் குச்சி அடித்தார். அடியில் இழைப்புளி போட்டார். ஒற்றை விரலால் தள்ளினேன், போய்விட்டது. திரும்பத் திரும்பத் தள்ளிக்கொண்டிருந்தேன், அவர் டீ கேட்டதுகூடக் காதில் விழவில்லை.

கைப்பிடியை மூன்றடி உயரத்தில் வைத்தார். நிலைப்படியைத் தொடாமல் இருபுறமும் சரிவாக இரண்டு பலகை செய்து தருகிறாராம், கழற்றி மாட்டலாம். மூன்றடி நீளம் வேண்டும் என்றேன். உள்பக்கம் சரி, வெளியே மேல்படி இரண்டடிதான், அங்கே செங்குத்தாகத்தான் வரும் என்றார்.

கூலியில் பாதிதான் வாங்கினார்.

ஜூன் 14

மேல் தாழ்ப்பாளைக் கழற்றினேன். பிறகு மாட்டினேன்.

ஜூன் 15, ஞாயிறு

படகெல்லாம் போய்விட்டது. அண்ணன் பேசினான், வெள்ளிக்கிழமை கூட்டி வருகிறானாம். கம்பி ஊன்றிய சிமெண்டு பிடிக்க மூன்று நாளாவது விட வேண்டும், ஆகவே நாளைக்கே ஊன்றியாக வேண்டும். பட்டறைக்காரர் இரண்டாவது கம்பியைக் கடனாகத் தருகிறார். வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும், அங்கே ஜிங்க் ப்ரைமர் அடிக்கச் சொல்ல வேண்டும்.

சித்தப்பா நாளைக் காலை பஸ்ஸில் வருகிறார். நிலையைப் பார்க்க.