வயலட் பியர்சிட ரெண்டு கணக்கையும் கல்லடி ரோட்டில ஓடிப் பாத்தன்

வயலட் பியர்சி எண்டவ 1926ல தனியா மரதன் ஓடின ஒரு ஓட்டக்காரி. அவட கதைக்கு முதல் என்ட கதை. போன மாசம் பக்கத்து ஊர் ஒண்டில நடந்த 10 கிலோமீட்டர் ஓட்டத்தில பொம்பிளையளுக்குள்ள மூணாவதா வந்தன், 58 நிமிசம் 20 செக்கன், என்ட வாழ்க்கையில முதல் தரமா ஒரு மணித்தியாலத்துக்குள்ள. மெடலக் கழட்டாம வீட்ட வந்து அம்மாட்ட காட்டி, பக்கத்து வீட்டு மச்சாளிட்டயும் காட்டி, ரெண்டு பிளேன்டி குடிச்சி முடிச்சிட்டுத்தான் கைமணிக்கூட்ட ஒழுங்காப் பாத்தன். 9.41 எண்டு கிடக்கு. ஜிபிஎஸ் கொஞ்சம் முன்னப்பின்ன காட்டும்தான், ஆனா அது வளைஞ்சி நெளிஞ்சி கோடு போடுறதால கூடக் காட்டுறதுதான் வழக்கம், 600 மீட்டர் குறைச்சிக் காட்டாது. நடத்தினவங்களிட்ட கேட்டா "மோட்டர் சைக்கிள் மீட்டர்ல பாத்துத்தான் வெச்ச நாங்க தங்கச்சி" எண்டாங்க. மோட்டர் சைக்கிள் மீட்டர் நிறைய கூடத்தான் ஓடும், அப்ப அதில 10 எண்டா ரோட்டில 10 இரிக்காது.

எனக்கு உறுத்திக்கிட்டே இரிந்திச்சி. தம்பிட சைக்கிள எடுத்தன். மேசன் வேலை செய்யுற மாமாட்ட 50 மீட்டர் டேப் வாங்கி, விடியக்காலம ஆறு தரம் நீட்டி 300 மீட்டர் நேரா அளந்து ரெண்டு பக்கமும் சோக்கால கோடு போட்ட நாங்க. முன் சில்லுக் கம்பியில ஒரு பிளாஸ்டிக் துண்டக் கட்டி, அது போர்க்கில தட்டுற சத்தத்த எண்ணுறது. 300 மீட்டருக்கு 137 சுத்தும் ஒரு கால் சுத்தும். மறுகா ஓட்டம் நடந்த பாதை முழுக்க தம்பி உருட்ட நான் பின்னால எண்ண, நூறுக்கு ஒருக்கா கொப்பியில ஒரு கோடு. சந்தியில ரெண்டு ஐயாமார் "என்னகா புள்ள, காணி அளக்கிறியளா" எண்டு கேக்க எண்ணிக்கை போச்சி, திரும்ப முதல்ல இரிந்து.

வெயில் ஏறின பிறகு அதே 300 மீட்டர திரும்ப உருட்டினா சரியா 137 சுத்து. கால் சுத்தக் காணல்ல! சூட்டுக்கு டியூப் காத்து வீங்கி சில்லு பெரிசாகிற்று. கால் சுத்துத்தானே எண்டு விட ஏலா, முழு மரதனுக்குக் கணக்குப் போட்டா அது 77 மீட்டர். அதாலதான் முறையா அளக்கிறவங்க அளக்க முந்தி ஒருக்கா, அளந்த பிறகு ஒருக்கா எண்டு சைக்கிள டேப்போட ஒத்துப் பாக்கிறாங்க. வளைவில ஓரத்தில இரிந்து 30 சென்ரிமீட்டர் தள்ளி ஆகக் கிட்டின கோட்டில உருட்ட வேணும், கடைசியில கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் படி கூட்டியும் வைக்க வேணும், எப்பிடிப் பாத்தாலும் குறைஞ்சிரக் கூடாது எண்டு. என்ட கணக்கில அந்த ஓட்டம் 9.34 கிலோமீட்டர். அப்ப கிலோமீட்டருக்கு 5:50 இல்ல, 6:15. ஒரு மணித்தியாலமும் போச்சி, சந்தோசமும் போச்சி.

அந்தக் கவலையிலதான் தூரம் குறைஞ்ச ரெக்கோர்ட்டுகளப் பத்தித் தேடி வாசிக்கத் தொடங்கினன். வயலட் பியர்சி அங்கதான் வந்தா.

1926 ஒக்டோபர் 3, இங்கிலாந்தில வின்சர்ல இரிந்து லண்டனுக்கு வாற பொலிடெக்னிக் மரதன் ரோட்டில 3 மணி 40 நிமிசம் 22 செக்கன். அந்தக் காலம் பொம்பிளையள மரதன் போட்டிக்குள்ள விடுறதில்ல, அவ தனியாத்தான் ஓடினா. பொம்பிளையள்ற மரதன் உலகப் பட்டியல்ல முதல் வரி இண்டைக்கும் இதுதான். அடுத்த வரி அமெரிக்காவில மெரி லெப்பர், 1963 டிசம்பர் 16, 3:37:07. அதுக்குப் பிறகு டேல் கிரெய்க், 1964 மே 23, இங்கிலாந்தில ரைட் எண்ட ஊர்ல 3:27:45. கிரெய்க்க ஆம்பிளையளுக்கு நாலு நிமிசம் முந்தி ஓட விட்டு, பின்னால ஒரு அம்புலன்சயும் அனுப்பினாங்களாம், விழுந்திருவா எண்டு ஓட முதலே முடிவு கட்டிட்டாங்க போல. பியர்சிக்கும் லெப்பருக்கும் இடையில 37 வருசம் வெறும் இடம்.

பிரச்சினை என்னெண்டா, ரோட் ஓட்டப் புள்ளிவிவரம் சேக்கிற சங்கம் ஒண்டு பியர்சிட பாதை முழு மரதன் தூரமான 42.195 இல்ல, 35.4 கிலோமீட்டர்தான் எண்டு சொல்லுது. ஒரு பட்டியல்ல இரிக்கா, மற்றதில இல்ல. எனக்கு உடன கையரிப்பு வந்திட்டு, கொப்பிய எடுத்துக் கணக்குப் போட்டன். 42.195 எண்டா கிலோமீட்டருக்கு 5:13. 35.4 எண்டா 6:13. கிலோமீட்டருக்கு சரியா ஒரு நிமிசச் சண்டை. அந்த 6:13 கிட்டத்தட்ட என்ட 6:15! குறைஞ்ச கணக்க எடுத்தா அவவும் நானும் ஒரே ஓட்டக்காரியள்தான் எண்டு நினைச்சன், பாருங்க என்ட கொழுப்ப.

முதல்ல 5:13. எங்கட மட்டக்களப்பில பழைய கல்லடிப் பாலத்தில தொடங்கினன் (1924ல திறந்த பாலம், அவ ஓடக்குள்ள அதுக்கு ரெண்டு வயசு). மூணாவது கிலோமீட்டர் மட்டும் நல்லாத்தான் போச்சி, நாலில வாயால மூச்சு, ஆறோட வயித்துக்குள்ள குத்தி நிண்டிட்டன். இத இன்னும் 36 கிலோமீட்டருக்கு எண்டா... நம்ப ஏலும்தான், இப்ப ஓடுற பொம்பிளையள் இதவிட எவ்வளவோ வேகம், ஆனா தனியா, போட்டி இல்லாம, அந்தக் காலத்தில எண்டா யோசிக்கத்தான் வேணும்.

ரெண்டு கிழமைக்குப் பிறகு ஞாயித்துக்கிழமை 4:30க்கு 6:13ல வெளிக்கிட்டன். அம்மா "நாய் கடிக்கும் புள்ள" எண்டு கேட் மட்டும் வந்து சொன்னா, தம்பி சைக்கிள்ல தண்ணியோட பின்னால. காத்தான்குடி பேரீச்ச மரங்களுக்கு நடுவால போகக்குள்ள சுபஹ் பாங்கு கேட்டிச்சி, தேத்தண்ணிக் கடையில அடுப்பு எரியிது, அந்த நேரத்து ரோட்டுக்கு ஒரு தனி வாசம். ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம் பக்கம் போய்க் கிறுகினன். கிறுகினோடனதான் விளங்கிச்சி, கச்சான் காத்து (மேக்கால வாற காஞ்ச காத்து) தொடங்கிற்று, விடியவே சூடு. 21 கிலோமீட்டர் மட்டும் வேகம் குறையல்ல, 2 மணி 10 நிமிசம். 22ல தொடை இறுகிற்று, 23 நடை, 24ல தம்பிட சைக்கிள் கரியர்ல ஏறிட்டன். குறைஞ்ச கணக்கெண்டாலும் அவ இன்னும் 11.4 கிலோமீட்டர் அதே வேகத்தில போயிரிக்கா. ஒரே ஓட்டக்காரியள் எண்ட கதைய அன்றைக்கே வாபஸ் வாங்கிட்டன்.

சைக்கிள் கரியர்ல இரிந்து வரக்குள்ள யோசிச்சது: தூரம் குறைஞ்சது அவட காலால இல்லையே. போட்டியில சேத்திருந்தா ஆம்பிளையளுக்கு அளந்த அதே தூரம் அவவுக்கும் இரிந்திருக்கும். உள்ளுக்க விடாம வெளியில ஓட விட்டுட்டு, மறுகா டேப்ப எடுத்துக்கொண்டு வாறது ஒரு மாதிரித்தான் இரிக்கு. ஆனா 35.4 எண்டா 35.4தான், அதில நான் அவட பக்கம் பேச மாட்டன். என்ட 9.34ஐ ஒத்துக்கொண்ட ஆள் வேற மாதிரிச் சொல்ல ஒண்ணாதே.

இதில கிரேக்கத்து ஸ்டமாட்டா ரெவிதி கெட்டிக்காரி. 1896 ஒலிம்பிக்ல சேக்கல்ல எண்டோடன அடுத்த நாள் தனியா ஓடினா, கிட்டத்தட்ட அஞ்சரை மணித்தியாலம். ஆனா மரதன் ஊர்ல வெளிக்கிட முந்தியே அங்கத்த பெரிய மனிசரிட்ட நேரத்த எழுதிக் கையெழுத்து வாங்கிட்டுத்தான் கிளம்பினா. அப்பிடியிருந்தும் மெல்போமினி எண்டு இன்னொரு பேரும் அடிபட்டு, அது அவவா வேற ஆளா எண்டு சண்டை. கடுதாசி இரிந்தாலும் சண்டை, இல்லாட்டியும் சண்டை.

இப்ப என்ட கொப்பியில ரெண்டு கோடு போட்டு வெச்சிரிக்கன், 5:13க்கு 6 கிலோமீட்டர், 6:13க்கு 21. மெடலுக்குப் பின்னால மார்க்கரால 9.34 எண்டு எழுதிட்டன், அம்மாவுக்குத்தான் கோவம், வடிவான மெடலக் கெடுத்திட்டன் எண்டு. கச்சான் ஓய்ஞ்ச பிறகு 6:13 திரும்ப, அதுக்கு முதல் முன் டயரை மாத்த வேணும், மாத்தினா 300 மீட்டரும் திரும்ப உருட்ட வேணும், மாமா டேப்பத் திருப்பிக் கேட்டிட்டார் வேற.